ஹெட்லைட் யாருக்காக? கார் விளக்கு மாற்றங்களும் சட்டமும்



பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களில் இன்று கார் அரிதான பொருளல்ல. பிள்ளைகள் வேலையில் சேர்ந்த இரண்டொரு ஆண்டுகளில் புதிதோ பழையதோ ஒரு வண்டியை வாங்கிவிடுகிறார்கள். பெற்றோருக்கு அது பெருமைதான். வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜே.சி. ரோடு பக்கம் போய் சீட் கவர், மேட், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பார்க்கிறார்கள். அப்போது கடைக்காரர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "சார், லைட்டை மாத்திடலாமா? வெள்ளையா பளிச்சுன்னு இருக்கும்."

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். விளக்கை மாற்றினால் சட்டப்படி குற்றமா? குற்றம் என்றால் எந்த மாற்றம் குற்றம், எது இல்லை? ஏன் அப்படி ஒரு சட்டம்? ரயில்வேயில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எளிய முறையில் எழுதுகிறேன். வீட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டுமன்றி, பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களும் படித்துவைப்பது நல்லது.

விளக்கும் ஒரு மொழி

ரயில்வேயில் சேர்ந்தவுடன் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று, விளக்கு என்பது பேசும் பொருள் என்பது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற சிக்னல் நிறங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேர் கவனிக்காத விளக்கு ஒன்று உண்டு. ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்குதான் அது. ஸ்டேஷனைக் கடந்து போகும் ரயிலில் அந்த விளக்கைப் பார்த்த பிறகுதான், ரயில் முழுமையாக வந்துவிட்டது, நடுவழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் உறுதி செய்துகொள்வார். அதன் பிறகே அடுத்த ரயிலுக்கு வழி கிடைக்கும். அந்த விளக்கு, இன்று ரயில் மேலாளர் என்று பெயர் மாறியுள்ள கார்டுக்கு வெளிச்சம் தருவதற்காக வைத்ததல்ல. பார்க்கிற மற்றவருக்குச் செய்தி சொல்ல வைத்தது.

எஞ்சினின் முகப்பில் மஞ்சள் நிறத்தில் விட்டுவிட்டு எரியும் விளக்கு இன்னொன்று. ரயில் எதிர்பாராத இடத்தில் நின்றுவிட்டால் ஓட்டுநர் அதைப் போடுவார். பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே வரும் ரயிலின் ஓட்டுநர் அதைக் கண்டால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அந்த விளக்கை அழகுக்காக ஒருவர் நீல நிறமாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சினின் ஹெட்லைட்டைக்கூட, எதிரே ரயில் வரும்போது மங்கலாக்க வேண்டும் என்பது விதி. ரயில் தண்டவாளத்தை விட்டு விலகாது. எதிரே வருபவரும் விலக மாட்டார். அப்படியிருந்தும் இந்தக் கட்டுப்பாடு. தண்டவாளமே இல்லாத சாலையில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

காரிலும் இதே கதைதான். முன்விளக்கு ஒன்றுதான் ஓரளவு நமக்காக. பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாமே பிறருக்காக. வெள்ளை என்றால் வண்டி நம்மை நோக்கி வருகிறது, சிவப்பு என்றால் நம் முன்னே போகிறது, ஆம்பர் எனப்படும் இளமஞ்சள் விட்டுவிட்டு எரிந்தால் திரும்பப் போகிறது. இந்த மொழி உலகம் முழுதும் ஏறத்தாழ ஒன்றே. காசு நம்முடையது, கார் நம்முடையது. ஆனால் இந்த மொழி பொதுச் சொத்து. அதை நம் விருப்பத்துக்கு மாற்றி எழுத நமக்கு உரிமை இல்லை. சட்டத்தின் அடிப்படைக் கருத்து இவ்வளவுதான்.

ஹெட்லைட்டுக்குள் நடப்பது என்ன?

நம் ஊர்க் கார்களில் பல ஆண்டுகளாகப் பெரிதும் வழக்கில் இருப்பது எச்-4 என்ற ஹாலஜன் பல்ப். அதற்குள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று பிரைட் எனப்படும் ஹை பீமுக்கு, 60 வாட். மற்றொன்று டிம் எனப்படும் லோ பீமுக்கு, 55 வாட். டிம் இழைக்கு அடியில் சிறிய கிண்ணம் போன்ற ஒரு தகடு இருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். மேற்பாதி ரிஃப்ளெக்டரில் படும் வெளிச்சம் மட்டும் சாலையை நோக்கித் தாழ்ந்து விழும்.

அந்தக் கிண்ணத்தின் ஒரு ஓரம் 15 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அதனால்தான் டிம் போட்டு ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தினால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலப்பக்கம் நேர்கோடாகவும், இடப்பக்கம் சற்று மேலேறியும் தெரியும். நாம் சாலையின் இடப்புறம் செல்கிறவர்கள். இடது ஓரத்தில் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் நமக்குத் தெரிய வேண்டும். வலப்புறம் எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது. ஒரு சிறு தகட்டை வெட்டியே இந்த இரண்டு வேலையையும் முடித்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு முழுதும், இழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே நம்பியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் ஒளிக்கற்றை வேறு இடத்துக்குப் போய்விடும். இப்போது கடையில் மாட்டித் தரும் எல்.இ.டி. பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இழை கிடையாது. தட்டையான ஒரு பட்டையின் இரு பக்கங்களிலும் சில்லுகள் ஒட்டியிருக்கும். வெளிச்சம் புறப்படும் இடமும் வடிவமும் வேறு. ஹாலஜனுக்காக வார்த்த ரிஃப்ளெக்டரில் அதைப் பொருத்தினால், விளிம்புக்கோடு கலைந்து வெளிச்சம் மேலும் பக்கவாட்டிலும் சிதறும். எச்.ஐ.டி. எனப்படும் செனான் கிட்டுக்கும் இதே குறைதான்.

"ஆனால் எனக்கு நன்றாகத் தெரிகிறதே!" என்று பிள்ளைகள் சொல்வார்கள். வண்டிக்கு அருகே, முதல் பத்துப் பதினைந்து மீட்டர் தரை பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சுக்குக் கண்ணின் பாவை சுருங்கிவிடும். அதனால் தூரத்து இருட்டில் நிற்கும் மாடோ, விளக்கில்லாத டிராக்டரோ முன்பைவிடக் குறைவாகவே தெரியும். வெளிச்சம் கூடியது போன்ற உணர்வு மட்டும் கூடும்.

தொழிற்சாலையிலிருந்தே எல்.இ.டி. விளக்குடன் வரும் கார்கள் இதில் சேரா. அவற்றில் விளக்கு முழுவதையும் எல்.இ.டி.க்காகவே வடிவமைத்து, சோதித்து, அனுமதி பெற்றிருப்பார்கள். பல்பை மட்டும் மாற்றுவதில்தான் கோளாறு.

எதிரே வருபவரின் கணக்கு

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிர் வெளிச்சத்தில் கண் கூசி மூன்று நொடி ஒன்றும் தெரியாமல் போனால் 50 மீட்டர். அதாவது இரண்டு ரயில் பெட்டிகளின் நீளத்துக்கும் மேலாகக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது போல.

வயதானவர்களுக்கு இது இன்னும் கடினம். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டுகிறது. கண்புரை தொடங்கியிருந்தால், வரும் வெளிச்சமும் கண்ணுக்குள்ளேயே சிதறும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் மஞ்சள் கலந்த வெள்ளையைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். மடிவாளாவிலிருந்து இரவு புறப்பட்டு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையில் போகும்போது நடுவில் தடுப்பு இருக்கிறது. கொள்ளேகால் பக்கமோ, கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சொந்தக் கிராமத்துக்குப் பிரியும் சாலையிலோ அது கிடையாது. அங்கே எதிரே மொபெட்டில் வருபவர் நம் சித்தப்பாவாகவும் இருக்கலாம்.

வாட் கணக்கு

சிலர் எல்.இ.டி. வேண்டாம் என்று 100/90 வாட் ஹாலஜன் பல்ப் போடுகிறார்கள். இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. 55 வாட் பல்ப் இரண்டு, 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 90 வாட் இரண்டு என்றால் 15 ஆம்பியர். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே அதே வயரில், அதே ஸ்விட்சில், சூடு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகும். ஹோல்டர் கருகும்; பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் உருகும்; வயரின் உறை இளகி ஷார்ட் சர்க்யூட் ஆனால் தீயில் முடியும். தனி ரிலேயும் கனமான வயரும் போட்டால் தீ அபாயம் குறையும். கண் கூசுவதும் சட்ட மீறலும் அப்படியே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் இந்தியா முழுமைக்கும் பொருந்துவன. "இது கர்நாடகத்துக் கெடுபிடி, அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் கேட்க மாட்டார்கள்" என்று நினைப்பது தவறு. இரு மாநிலத்திலும் ஒரே சட்டம்தான்.

சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் மாறுபாடு வரும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இங்கே சிலர் ஒரு வாதம் செய்வார்கள்: "ஆர்.சி. புத்தகத்தில் பல்ப் பற்றி ஒன்றும் எழுதியில்லையே? அப்படியானால் நான் மாற்றியது எப்படிக் குற்றம்?" கேட்க நியாயம் போலத் தோன்றும். ஆனால் விளக்குகளைப் பற்றி விதிகளிலேயே நேரடியாகச் சொல்லியிருக்கிறது. முக்கியமானவற்றை மட்டும் தருகிறேன்.

விதி 102: இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் விட்டுவிட்டு எரிய வேண்டும்.

விதி 105: சூரியன் மறைந்து அரை மணி கழித்து, மறுநாள் உதயத்துக்கு அரை மணி முன்பு வரை விளக்குகள் எரிய வேண்டும். பின்புறச் சிவப்பு விளக்குகள் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை விளக்கு இருக்க வேண்டும். 15 மீட்டரிலிருந்து எண் தெரிய வேண்டும்.

விதி 106: முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். எவ்வளவு தாழ்வு என்பதையும் அளவோடு சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்கக்கூடாது.

விதி 108: முன்பக்கம் சிவப்பு விளக்கு கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிறம் கூடாது. இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. முன்பு பெரிய பதவியில் இருப்போர் கார்களின் கூரையில் சுழன்ற சிவப்பு விளக்குகளும் 2017 மே 1 முதல் நீக்கப்பட்டன. அமைச்சருக்கே இல்லாத விளக்கு நமக்கு எதற்கு?

விதி 111: பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு விசேஷ காரணம் இருந்தாலன்றி, முன்புறம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தக்கூடாது.

தண்டனை என்ன? 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு மாற்றி அமைக்கப்பட்டது. அதன் நான்காம் உட்பிரிவு, சட்டமும் விதிகளும் அனுமதிக்காத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஹெட்லைட் ஒன்று, பின்விளக்கு ஒன்று, கூரை விளக்கு ஒன்று என்று எண்ணிக் கணக்குப் போட இடம் உண்டு. அதோடு, "உரிமையாளர்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கடைக்காரரின் பெயர் ரசீதில் இருக்கும், அதுவும் அவர் ரசீது கொடுத்தால்! ஆர்.சி.யில் இருப்பது நம் பெயர். மகன் ஓட்டும் வண்டி தந்தையின் பெயரில் இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் தந்தை. 

நீதிமன்றங்களின் நிலை

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், தயாரிப்பாளர் குறித்துப் பதிவுச் சான்றிதழில் ஏறிய மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. கேரள உயர் நீதிமன்றமும் சுற்றுலாப் பேருந்துகளில் பளபளக்கும் பலநிற விளக்குகளுக்கு எதிராகப் பல முறை கடுமையான உத்தரவுகளை இட்டிருக்கிறது.

நம் கர்நாடகத்தில், 2024 ஜூனில், போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்புப் பிரிவின் கூடுதல் டி.ஜி.பி.யாக இருந்த அலோக் குமார், கண் கூசவைக்கும் எல்.இ.டி. விளக்குகள் பொருத்திய வண்டிகள்மேல் ஜூலை முதல் மாநிலமெங்கும் வழக்குப் போடும்படி உத்தரவிட்டார்.

அடுத்து நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு வழக்கு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வழிசெய்யக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பல உத்தரவுகளைப் பெற்றுத் தந்திருக்கிறது. 2025 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, கே.வி. விஸ்வநாதன் ஆகியோர் அதே வழக்கில் விளக்குகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஹெட்லைட்டின் ஒளி அளவுக்கும் கோணத்துக்கும் உச்ச வரம்பு குறிக்க வேண்டும். புகைச் சோதனையின்போதும் எஃப்.சி.யின்போதும் விளக்கைச் சோதிக்க வேண்டும்; மாற்றிய விளக்குகளுக்குத் தண்டம் விதிக்க வேண்டும்; அனுமதியில்லாத சிவப்பு-நீலப் பளிச்சிடும் விளக்குகளையும் ஹூட்டர்களையும் அறவே தடுக்க வேண்டும் என்று அரசுகளுக்கு உத்தரவிட்டார்கள். உடைந்த எலும்புகளைச் சேர்க்கும் மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கு கடைசியில் நம் கார் ஹெட்லைட் வரை வந்திருக்கிறது.

வெளிநாடுகளிலும் இதே நிலைதான். இங்கிலாந்தில் 1986 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஹாலஜன் விளக்குக்குள் எல்.இ.டி. அல்லது செனான் பல்ப் போட்டிருந்தால் வருடாந்திரச் சோதனையில் தேறாது என்று 2021இல் தெளிவாக்கினார்கள். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. பல்புகளுக்கு அனுமதி உண்டு. எந்தக் காரின் எந்த விளக்கில் போடலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டே அனுமதிக்கிறார்கள். "ஃபாரினில் எல்லாம் போடுகிறார்களே" என்பவர்களுக்கு இதுவே பதில்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

செய்யலாம்:

1. அதே வகை, அதே வாட் கொண்ட, தரக்குறியுள்ள பல்பை மாற்றலாம். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது.

2. மஞ்சள் பூத்து மங்கிய பிளாஸ்டிக் முகப்பை மெருகேற்றலாம், அல்லது கம்பெனி விளக்கையே புதிதாக வாங்கி மாட்டலாம். வெளிச்சம் போதவில்லை என்ற குறை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

3. துருப்பிடித்த எர்த் இணைப்பையும் தளர்ந்த ஹோல்டரையும் சரிசெய்யலாம். செலவு மிகக் குறைவு, பலன் அதிகம்.

4. உங்கள் மாடலுக்கென்று கார் கம்பெனியே தரும், அனுமதி பெற்ற பனிவிளக்கைப் பொருத்தலாம். பனியிலும் பெருமழையிலும் மட்டும் போட வேண்டும்.

செய்யக்கூடாது:

1. ஹாலஜன் விளக்கில் எல்.இ.டி. அல்லது எச்.ஐ.டி. கிட், கூடுதல் வாட் பல்ப்.

2. நீலம், ஊதா, பச்சை போன்ற நிறங்களில் முன்விளக்கு. வண்டிக்கு அடியில் ஒளிரும் நியான் பட்டைகள்.

3. பின்விளக்கின் மேல் கறுப்பு ஃபிலிம் அல்லது 'ஸ்மோக்' பூச்சு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது வெளிச்சத்தைப் பாதியாக்கினால், தெரியும் தூரம் ஏறத்தாழ பத்தில் ஏழாகக் குறையும். 155 மீட்டர் 110 ஆகும். பின்னால் 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரிக்காரருக்கு ஏழு நொடி இருந்த இடத்தில் ஐந்து நொடிதான் மிஞ்சும்.

4. பிரேக் போடும்போது படபடவென்று துடிக்கும் விளக்கு, வெள்ளையாக்கிய இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டைச் சுற்றி நிற விளக்கு.

5. கூரையிலோ பம்பரிலோ லைட் பார்.

6. சிவப்பு-நீலப் பளிச்சொளி. இது காவல்துறையினரைப் போல நடிப்பதற்குச் சமம்.

இண்டிகேட்டரில் சாதா பல்புக்குப் பதில் எல்.இ.டி. பல்ப் போட்டவுடன் அது வேகமாகத் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்னோட்டம் குறைந்ததால் பல்ப் போய்விட்டது என்று ஃபிளாஷர் எண்ணிக்கொள்கிறது. அந்தத் துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டினால் அதுவும் விதிமீறல்தான்.

பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

புதிய கார் வாங்குவோரைவிடப் பழைய கார் வாங்குவோரே இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றம் வண்டியோடு சேர்ந்து நம்மிடம் வருகிறது. சோதனையில் நிறுத்தும்போது "நான் மாற்றவில்லை, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று சொல்லிக்கொண்டிருப்பது பெரிய உதவி செய்யாது. எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம் இப்படித்தான் ஒரு காரை வாங்கியது. பின்விளக்குகள் கறுப்பாக இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, மழையில், பின்னால் வந்த வேன் கடைசி நொடியில் ஒதுங்கியிருக்கிறது. வேன்காரர் இறங்கி வந்து, "உங்க வண்டி நிக்கிறதே தெரியலீங்க" என்றாராம். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்த ஃபிலிமை உரித்தார்கள்.

ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகும்போது பகலில் மட்டும் பார்க்காமல், மாலை மங்கியபின் ஒரு முறை எல்லா விளக்குகளையும் போட்டுப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் பின்னால் வெளி வயர்கள், சிறு பெட்டிகள், ஃபேன் வைத்த பல்ப் ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், விலை பேசும்போதே பழைய நிலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் ஒன்று உண்டு. கம்பெனி பொருத்தாத மின்சாதனங்களை பாலிசியில் தனியே தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும். சட்டவிரோதமான விளக்கை யாரும் தெரிவிப்பதில்லை. அதன் வயரிங்கால் வண்டியே எரிந்துபோனால், இழப்பீடு கேட்கும்போது வரும் கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இருக்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

இரவில் சமதரையில், காலியான இடத்தில், வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். விதி 106 சொன்னபடி எட்டு மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் அப்பால் போய் நில்லுங்கள். வலது ஓரம் என்பது ஓட்டுநர் உட்காரும் பக்கம். நடுத்தர உயரமுள்ளவருக்குக் கண் ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில் இருக்கும். கண் கூசுகிறதா? கூசினால் ஏதோ சரியில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை நிற்கச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது.

அடுத்து, சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கின் மையத்தின் உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் சரிசெய்துகொள்ளலாம்.

பல கார்களில் ஸ்டியரிங் அருகே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கும். அது எதற்கென்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. பின்னால் மூன்று பேரும், டிக்கியில் அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்விளக்கு மேல்நோக்கும். ஒரு டிகிரி உயர்ந்தாலே நூறு மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 1.7 மீட்டர் மேலே போய்விடும். எதிரே வருபவரின் முகத்தில்தான் அடிக்கும். பாரத்துக்கு ஏற்ப அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் விளக்கு தாழும். எந்த மாற்றமும் செய்யாத வண்டிகூட இதைக் கவனிக்காவிட்டால் பிறர் கண்ணைக் கூசவைக்கும்.

பழைய நாட்களில் லாரி, பஸ் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாலைகளில் போலீசாரே நிறுத்தி ஒட்டுவார்கள். எதிரே வருபவரின் கண்ணைக் காக்க அந்தக் காலத்துக்குத் தெரிந்த எளிய வழி அது. இன்றைய விளக்குகளில் அந்த வேலையை வடிவமைப்பே செய்துவிடுகிறது. நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

நிறைவாக

இளைஞர்களின் ஆசையைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. தன் வண்டி நாலு பேர் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லாத் தலைமுறைக்கும் உண்டு. நல்ல சீட் கவர் போடட்டும். நல்ல பாட்டுக் கேட்கட்டும். பிறரோடு பேசும் உறுப்பான விளக்கை மட்டும் விட்டுவிடட்டும். கடைக்காரர் கேட்கும்போது, "வேண்டாம் சார், இருக்கிற லைட்டைத் துடைச்சு, லெவல் பண்ணிக் கொடுங்க போதும்" என்று சொல்லப் பழகிக்கொள்வோம்.

இந்த இதழ் உங்கள் கையில் கிடைத்த வாரமே, எட்டு மீட்டர் சோதனையைக் குடும்பத்தோடு செய்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடமாகவும் அமையும். அடுத்த முறை ஊருக்குப் புறப்படும் முன், பெட்ரோல், டயர் காற்று பார்ப்பதோடு, ஒருவர் வண்டிக்குப் பின்னால் நின்று பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் எரிகின்றனவா என்று பார்த்துச் சொல்லட்டும். எல்லோரும் பத்திரமாகப் போய்வர வாழ்த்துகள்.